கொடுத்ததை யார் யார் அறிய வேண்டும்?

சென்ற வருடம் எங்கள் கணக்கீட்டு டியூஷன் வகுப்பில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை மாதத்தின் முதல் கிழமையில் ஒவ்வொருவரும் கட்டணக் காசைக் கடித உறை ஒன்றில் வைத்து, வெளியே பெயரை எழுதி, சேரின் மேசையில் இருக்கும் பெட்டியில் போடுவோம். சேர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் திறப்பார். யார் முழுதாகப் போட்டார், யார் பாதி போட்டார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

பிறகு எல்லோரும் வங்கிக் கணக்குக்கே காசை அனுப்பலாம், அனுப்பியதற்கான பற்றுச்சீட்டை வட்ஸ்அப் குழுமத்தில் போட்டால் போதும் என்று முடிவாயிற்று. கணினி தெரிந்தவள் என்று வகுப்பில் பெயர் வாங்கியிருந்த நான், சேருக்கு உதவியாக இருக்கட்டும் என்று எக்செலில் ஒரு பட்டியல் தயாரித்தேன். காசு வந்தவர்களின் பெயர் பச்சை. வராதவர்களின் பெயர் சிவப்பு. சேருக்கு அனுப்பும்போதே குழுமத்திலும் போட்டுவிடுவேன். பார்க்க மிக அழகாக இருந்தது. தோழிகள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று மாதங்கள் ஒரே ஒரு பெயர் மட்டும் சிவப்பில் நின்றது. நான்காவது மாதம் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை.

விசயம் பின்னர்தான் தெரிய வந்தது. அவளுடைய வாப்பா கடல் தொழில் செய்பவர். இயந்திரம் பழுதாகிப் பல மாதங்களாகத் தொழில் இல்லை. "காசப் பத்தி யோசிக்காம படிங்க மகள்" என்று சேர் அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் அறியக் கூடாது என்பதற்காக, வெறும் உறையில் பெயரை எழுதிப் பெட்டியில் போடும்படியும் அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் எங்களோடு வரிசையில் வந்து, எங்களைப் போலவே அவளும் ஓர் உறையைப் போட்டிருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அது வெறும் உறை என்று தெரியாது. அந்த மறைவை நான் தயாரித்த பட்டியல் கிழித்துப் போட்டுவிட்டது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. சேர் நேரத்தை மிச்சப்படுத்த நினைத்தார். நான் உதவி செய்ய நினைத்தேன். எல்லாம் வசதிக்காகவே நடந்தது. ஆகவேதான் இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காசு கையிலிருந்து கைத்தொலைபேசிக்கு மாறும்போது நமக்குக் கிடைப்பது என்ன, நம்மை விட்டுப் போவது என்ன என்று நாம் கொஞ்சம் நின்று யோசிப்பதே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வசதிக்கு எதிரானவள் அல்லள். கட்டாரிலிருந்து காக்கா அனுப்பும் காசை எடுக்க முன்பெல்லாம் உம்மா காலையிலேயே போய் வங்கியில் வரிசையில் நிற்பார். இப்போது குசினியில் நின்றுகொண்டே கணக்குக்கு வந்ததைப் பார்க்கிறார். உம்மா தைக்கும் அபாயாக்களுக்குக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பெண்கள் காசு அனுப்புகிறார்கள். வீட்டை விட்டு வெளியே போகாமலே ஒரு தாய் உழைக்கிறார் என்றால் அது சிறிய விசயமா? 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் இந்த வசதி இல்லாத குடும்பங்கள் பட்ட சிரமத்தை நாம் கண்டோம். நமது மத்திய வங்கி அறிமுகப்படுத்திய லங்காகியூஆர் சதுரக் குறியீடு சிறிய கடைகளுக்கும் வந்துவிட்டது. 2025 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கிய கவ்பே மூலம் அரச அலுவலகங்களுக்குச் செலுத்த வேண்டியதையும் செலுத்த முடிகிறது. அலுவலகப் படி ஏறி இறங்கும் வயோதிபருக்கு இது பெரிய ஆறுதல். கைக்குக் கை காசு மாறாத இடத்தில் லஞ்சத்துக்கும் இடம் குறைகிறது.

ஆனால் கணக்கீடு படிக்கும் மாணவி என்ற வகையில் ஒரு வித்தியாசம் என் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் பதிவு உண்டு என்று படிக்கிறோம். கொடுத்தவரின் ஏட்டில் ஒன்று, பெற்றவரின் ஏட்டில் ஒன்று. தாள் காசில் அதோடு கதை முடிந்துவிடும். நூறு ரூபாய்த் தாள் தான் யார் கையிலிருந்து வந்தது என்று யாரிடமும் சொல்வதில்லை. இலத்திரனியல் பணத்தில் இந்த இருவருக்கும் நடுவே நிற்பவர்களிடமும் பதிவு இருக்கிறது. என்ன திகதி, எத்தனை மணி, எந்தக் கடை, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அங்கே எழுதப்படுகிறது. ஒரு நாள் பதிவைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒரு வருடத்துப் பதிவை அடுக்கிப் பார்த்தால் ஒருவர் எந்த வைத்தியரிடம் போகிறார், எந்த மத்ரஸாவுக்கு உதவுகிறார், மாதக் கடைசியில் யாரிடம் கைமாற்று வாங்குகிறார் என்பது வரை விளங்கிவிடும். வீட்டுக்குள் இருப்பவர்களே அறியாததை வெளியே உள்ள ஓர் இயந்திரம் அறிந்து வைத்திருக்கும்.

"கணக்கு எழுதுவது நல்லதுதானே? எழுதி வைக்கும்படி மார்க்கமே சொல்கிறதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா அல்பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அந்த எழுத்து எப்படிப்பட்டது என்று பாருங்கள். கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்கிறார். எழுதுபவர் நீதியாக எழுதுகிறார். சாட்சிகள் யாரென்று இரு தரப்புக்கும் தெரியும். இருவரின் உரிமையையும் காப்பதற்காக, இருவரும் அறிய எழுதப்படும் எழுத்து அது. அதே சூராவில் சற்று முன்னதாக, 271ஆம் வசனத்தில், தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பது நல்லது என்றும், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் நமக்குக் கற்பிக்கப்படுகிறது. சூரா அல்ஹுஜுராத்தில் பிறரைத் துருவி ஆராய்வது தடுக்கப்படுகிறது. எழுத வேண்டியதும் உண்டு, மறைக்க வேண்டியதும் உண்டு. அஹதிய்யாவில் சிறு வயதில் படித்த இந்த இரண்டு பாடங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது எனக்கு அந்த வெறும் உறையைப் பற்றி அறிந்த பிறகுதான் சரியாக விளங்கியது.

எங்கள் தெருக்கோடிக் கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. அதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. காசைக் கொடுத்து முடித்தவுடன் கடைக்காரர் அந்தப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு கீறிவிடுவார். கொப்பி நிறைந்ததும் அது போய்விடும். அடுத்த வீட்டாரின் பக்கத்தை அவர் ஒருபோதும் எங்களுக்குக் காட்டியதில்லை. நம்முடைய இலத்திரனியல் பதிவுகளில் அந்தக் கோட்டைக் கீறுபவர் யார்?

இது ஏதோ அரசாங்கத்துக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டும் உரிய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எங்கள் சொந்தத்தில் ஒரு ராத்தா இருக்கிறார். கணவர் வெளிநாட்டில். ராத்தாவின் கணக்கில் எந்தச் செலவு நடந்தாலும் கணவரின் தொலைபேசிக்குத்தான் குறுஞ்செய்தி போகும், ஏனென்றால் வங்கியில் கொடுத்திருப்பது அவருடைய இலக்கம். பாமசியில் காசு கொடுத்துப் பத்து நிமிடம் ஆவதற்குள் அழைப்பு வந்துவிடும். "என்னத்துக்கு ஆயிரத்து எண்ணூறு?" அவர் கெட்டவர் அல்லர். அக்கறையில்தான் கேட்கிறார். ஆனாலும் ராத்தா இப்போது தன் உம்மாவுக்கு ஒரு பழம் வாங்கிக் கொடுக்கவும் தாள் காசைத்தான் தேடுகிறார். எங்கள் உம்மம்மாவின் காலத்தில் பெண்கள் அரிசிப் பானைக்குள்ளும் சீட்டிலும் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். பிள்ளையின் படிப்புக்கும் மகளின் காதுக்கும் கழுத்துக்கும் அந்தக் காசு உதவியது. ஒரு பெண்ணின் சொந்தப் பொருள் அவளுக்கே உரியது என்று நம் மார்க்கம் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. அந்த உரிமையைத் தொலைபேசியின் ஓசை ஒன்று மெல்லக் குறைத்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் பெற்றோர் ஒரு கேள்வி கேட்பீர்கள். பிள்ளை எதற்குச் செலவழிக்கிறாள் என்று தாய் தகப்பன் அறியக் கூடாதா? அறியத்தான் வேண்டும். என் வாப்பா கேட்டால் நான் சொல்வேன். ஆனால் கேட்டு அறிவதும் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒன்றல்ல. கேட்கும்போது நான் உண்மை சொல்லப் பழகுகிறேன். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒளிக்கத்தான் பழகுவேன். பதினேழு வயதுப் பெண்பிள்ளை பாமசியில் வாங்கும் எல்லாவற்றையும் வாப்பாவின் தொலைபேசி அறிவிக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசினோம். இப்போது வாரச் செலவுக்கான காசை வாப்பா என் கையில் தருகிறார். மாத முடிவில் நான் கணக்குச் சொல்கிறேன். ஒரு முறை கணக்கு உதைத்தது, திட்டும் வாங்கினேன். அதுவும் படிப்புத்தானே.

மறைவைப் பற்றிச் சொன்னேன். சுதந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் நாட்டுக்கே கியூஆர் அட்டை வந்தது நமக்கு நினைவிருக்கும். அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் பதிந்தால் வாரத்துக்கு இவ்வளவு லீற்றர் என்று கிடைக்கும். நாட்கணக்கில் நின்ற வரிசைகள் அதனால் குறைந்தன. அது அன்று தேவையான ஏற்பாடு, நன்மையும் செய்தது. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருந்தது. பையில் காசு இருந்தும், இந்த வாரம் உங்களுக்கு முடிந்துவிட்டது என்று ஒரு குறியீடு சொன்னால் வாங்க முடியாது. எரிபொருளுக்குச் சொன்னதை நாளை எந்தப் பொருளுக்கும் சொல்லலாம். பணம் முழுவதும் குறியீடாகும்போது, கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு கணினி சம்மதம் தர வேண்டியிருக்கிறது.

சம்மதம் மறுக்கப்படும் என்பது வெறும் கற்பனை அல்ல. கனடாவில் 2022 பெப்ரவரியில் லொறிச் சாரதிகளின் போராட்டம் நடந்தபோது, அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. நீதிமன்ற உத்தரவு இல்லாமலே வங்கிகள் சிலரின் கணக்குகளை முடக்கின. போராட்டக்காரர்கள் செய்தது சரியா பிழையா என்பது வேறு விடயம். 2024 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம், அச்சட்டத்தைக் கொண்டுவந்தது நியாயமற்றது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வர ஏறத்தாழ இரண்டு வருடங்கள் ஆயின. முடக்கப்பட்ட அன்று அந்த வீட்டில் பால்மா வாங்க வேண்டியவரின் நிலை என்ன?

நமது நாட்டிலும் ஒரு ஞாபகம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் எத்தனையோ அப்பாவி உயிர்கள் பறிபோயின. அந்தக் கொடுமையை எந்த முஸ்லிமும் மன்னிக்க முடியாது. அதன் பிறகு தேடுதல் நடந்த நாட்களில் எனக்குப் பத்து வயது. உம்மா அலுமாரியிலிருந்த கிதாபுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதை வைத்திருக்கலாமா கூடாதா என்று வாப்பாவிடம் கேட்டது கண்ணில் நிற்கிறது. அவை பள்ளிவாசலில் ஓதக் கொடுத்த சாதாரணக் கிதாபுகள். நேற்று ஒரு குற்றமும் இல்லாதது இன்று சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. ஒரு புத்தகத்துக்கே அப்படியென்றால், பத்து வருடமாக யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற பதிவு முழுவதும் ஓரிடத்தில் இருந்தால்? "ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நம்மிடம் ஒளிக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் அதை நாளை வாசிக்கப் போகிறவர் யார், எந்தக் கண்ணோடு வாசிப்பார் என்பது இன்று நம் கையில் இல்லை.

இன்னொன்று, மிகச் சாதாரணமானது. கவ்பே தொடங்கி இரண்டே நாளில், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. கடையில் அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை. உம்மம்மா தன் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, "காசு எண்டா கையிலயும் கொஞ்சம் இரிக்கோணும் மகள்" என்று தந்த தாள்களோடு போய்த்தான் மெழுகுதிரி வாங்கி வந்தேன். ஐரோப்பாவில் முதன்முதல் 1661இல் வங்கித் தாள்களை வெளியிட்ட நாடு சுவீடன். இன்று தாள் காசை மிகவும் கைவிட்ட நாடுகளிலும் அது ஒன்று. அந்த நாடே 2020ஆம் ஆண்டு, பெரிய வங்கிகள் காசு எடுக்கும் வசதியைத் தொடர்ந்து வழங்கியாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்திருக்கிறது. முன்னே போனவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னே போகும் நாம் அதைக் கவனிக்க வேண்டாமா?

மறைவு இருந்தால் திருடனுக்கும் போதைப்பொருள் வியாபாரிக்கும் வசதியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பெருந்தொகைகள் கைமாறும்போது விசாரிக்க வேண்டும், குற்றம் என்று சந்தேகம் வந்தால் நீதிமன்றத்தின் அனுமதியோடு பார்க்க வேண்டும். அதற்காகப் பாண் வாங்குபவர், பஸ்ஸுக்குக் கொடுப்பவர் எல்லோருடைய பதிவையும் காலமெல்லாம் சேர்த்து வைக்க வேண்டியதில்லை.

வசதி வேண்டும் என்றால் மறைவை விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதும் உண்மையல்ல. இதை 1980களின் தொடக்கத்திலேயே காட்டியவர் டேவிட் சோம் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர். அவருடைய யோசனையை நம் பெற்றோருக்குத் தெரிந்த காபன் தாளை வைத்தே விளக்கலாம். ஒரு தாளில் நீங்கள் ஓர் இலக்கத்தை எழுதுகிறீர்கள். உள்ளே காபன் தாள் ஒட்டிய உறையில் அதை வைத்து மூடி வங்கியிடம் கொடுக்கிறீர்கள். வங்கி உங்கள் கணக்கில் நூறு ரூபாயைக் கழித்துவிட்டு, உறையின் மேலே கையொப்பம் இடுகிறது. கையொப்பம் உள்ளே இருக்கும் தாளிலும் பதிகிறது. ஆனால் வங்கி இலக்கத்தைப் பார்க்கவில்லை. பிறகு நீங்கள் அந்தத் தாளைக் கடையில் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் வங்கிக்குக் கொண்டுபோனால், இது என் கையொப்பம்தான், செல்லும் என்று வங்கி காசு கொடுக்கும். யாருக்குக் கொடுத்த தாள் என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் அகப்பட்டுவிடும். இதைக் கணிதத்தால் கணினியில் செய்யலாம் என்று சோம் காட்டினார். அதற்காக அவர் தொடங்கிய நிறுவனம் 1998இல் வங்குரோத்தானது. ஆனால் யோசனை வங்குரோத்தாகவில்லை. ஆக, இன்றுள்ள பணம் எல்லாவற்றையும் பதிந்து வைப்பது இயற்கையின் விதி அல்ல. அப்படிச் செய்தவர்கள் அப்படித் தீர்மானித்திருக்கிறார்கள். வேறு விதமாகவும் தீர்மானிக்கலாம்.

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறித்த நோக்கத்துக்காக மட்டும் தரவைச் சேர்க்க வேண்டும், தேவைக்கு அதிகமாகச் சேர்க்கக் கூடாது, தேவை முடிந்த பின் வைத்திருக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். கடைக்காரர் கீறும் குறுக்குக் கோட்டைத்தான் அந்தச் சட்டமும் கேட்கிறது. சட்டம் எழுத்தில் இருந்தால் போதாது. அதைக் கேட்கத் தெரிந்த மக்களும் வேண்டும். நாளை வங்கிகளிலும் கணினி நிறுவனங்களிலும் வேலை செய்யப் போகிறவர்கள் இந்தக் கல்லூரியிலிருந்தும் போவார்கள். அவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதுவரை நம்மால் முடிந்த சில காரியங்கள் உண்டு. கடைகளும் வகுப்புகளும் தாள் காசையும் மறுக்காமல் வாங்கட்டும். கட்டணப் பட்டியல், உதவிப் பட்டியல் எதையும் குழுமங்களில் போடாதிருப்போம். ஸகாத்தும் ஸதகாவும் கொடுக்கும் சங்கங்கள், பெறுகின்றவரின் பெயரையும் படத்தையும் வெளியிடாமல் கணக்கை மட்டும் காட்டட்டும். ஒரு பெண்ணின் கணக்குக்கு அவளுடைய இலக்கத்தையே கொடுப்போம். தேவையில்லாமல் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் கேட்கும் செயலிகளுக்கு இல்லை என்று சொல்வோம்.

அந்தப் பட்டியலை நான் அழித்துவிட்டேன். ஆனால் நாற்பது பேரின் தொலைபேசிகளில் அது இன்னும் இருக்கக் கூடும், அவற்றை நான் அழிக்க முடியாது. உண்மை தெரிந்ததும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். அவளுடைய உம்மாதான், "தெரியாமச் செஞ்சதுதானே மகள்" என்றார். சேரும் இரண்டு முறை போய்ப் பேசினார். அவள் அந்த வகுப்புக்குத் திரும்பி வரவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். ஒரே கொப்பியைப் பார்த்துப் படிக்கிறோம். இன்ஷா அல்லாஹ், இருவரும் ஒன்றாகவே பரீட்சை எழுதுவோம்.

சேரின் மேசைக்கு அந்தப் பெட்டி மீண்டும் வந்துவிட்டது. விரும்பியவர்கள் கணக்குக்கு அனுப்பலாம், விரும்பியவர்கள் உறையைப் போடலாம். நான் கணக்குக்கு அனுப்பக் கூடியவள்தான். ஆனாலும் உறையைத்தான் போடுகிறேன். எல்லோரும் கணக்குக்கு அனுப்பிவிட்டால், உறை போடுபவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

மாணவி,
க.பொ.த. உயர்தரம், வர்த்தகப் பிரிவு